தண்ணீர் குறைந்தால் யார் சொல்வது?

1803 செப்டம்பர். லண்டனை அடுத்த கிரீனிச்சில் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழியில் ஊறிய தண்ணீரை இறைக்க ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன், அந்தக் குழியில் விலாங்கு மீன் பிடிக்க இறங்கிவிட்டான். பொறுப்பை ஒரு கூலியாளிடம் ஒப்படைத்திருந்தான். எந்திரம் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்த கூலியாள் அதை நிறுத்தினார். ஆனால் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை அழுத்திப் பிடித்திருந்த ஸ்பேனரை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் கொதிகலன் வெடித்தது. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பிறகு இறந்தார்.

டிரெவிதிக்குக்கு அப்போது வயது 32. ஜேம்ஸ் வாட் ஆபத்து என்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தியவர் அவர். இந்த விபத்தை வாட்டின் தரப்பு தனக்கு எதிராகப் பயன்படுத்தும் என்பது அவருக்கு உடனே தெரிந்தது. அடுத்த மாதம் நண்பர் டேவிஸ் கிடிக்கு எழுதிய கடிதத்தில், இனி தன் கொதிகலன்களில் என்னென்ன சேர்க்கப்போகிறேன் என்று சொன்னார். ஒன்றுக்கு இரண்டு பாதுகாப்பு வால்வுகள். அழுத்தத்தைக் காட்டப் பாதரசக் குழாய். மூன்றாவது ஏற்பாடு மிக எளிமையானது: கொதிகலனில் ஒரு துளை போட்டு அதை ஈயத்தால் அடைத்துவிடுவது. தண்ணீர் அந்த இடத்தைவிட்டு இறங்கினால் ஈயம் உருகும், துளை திறக்கும், நீராவி வெளியே பாயும். பார்த்துக்கொள்ள வேண்டியவன் மீன் பிடிக்கப் போனாலும் ஈயம் அதன் வேலையைச் செய்யும்.

இந்த ஈயத் துளைக்கும் இன்றைய மின்னணுக் கருவிக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இடையில் வந்த எல்லாக் கருவிகளும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. தண்ணீர் குறைந்ததைச் சொல்ல வேண்டிய கருவி அதே அழுக்குத் தண்ணீரிலும் அதே வெப்பத்திலும்தான் வாழ்கிறது. அதுவும் கெடும். கெட்டதை அது சொல்லாது.

முதலில், தண்ணீர் குறைவது ஏன் இவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பார்த்துவிடலாம்.

கொதிகலனின் அடுப்பறையில் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு. நம் ஆலைகளில் சொல்வதுபோல '10 கிலோ பிரஷர்' என்றால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில், தண்ணீர் சுமார் 184 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்கும் நீர் வெப்பத்தை மிக வேகமாக வாங்கிக்கொள்ளும். அதனால் தகட்டின் மேல் தண்ணீர் நிற்கும்வரை, கீழே நெருப்பு எவ்வளவு எரிந்தாலும் தகட்டின் சூடு தண்ணீரின் சூட்டைவிடச் சில பத்து டிகிரிதான் கூடுதலாக இருக்கும்.

தண்ணீர் இறங்கித் தகட்டின் மேற்புறம் நீராவிக்குள் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. வெப்பத்தை வாங்கிப் போகும் வேலையில் நீராவி மிக மந்தம். தகட்டின் சூடு ஏறிக்கொண்டே போகும். 400 டிகிரியைத் தாண்டியதும் சாதாரண எஃகின் வலு சரியத் தொடங்கும். 600 டிகிரியில் பாதிகூட மிஞ்சாது. மேலிருந்து அழுத்தும் நீராவிக்கு முன் தகடு இளகி, கீழ்நோக்கிப் புடைத்து, கடைசியில் கிழியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இவ்வளவும் நடக்கும்போது அழுத்தம் கூடியிருக்க வேண்டியதில்லை. பிரஷர் கேஜின் முள் வழக்கமான இடத்தில் நிற்கும். பாதுகாப்பு வால்வு திறக்காது, திறக்கக் காரணமும் இல்லை. அழுத்தம் அதே அளவில் இருக்க, தாங்கும் தகடு மட்டும் தளர்ந்துபோகிறது. கொதிகலனின் மிகப் புகழ்பெற்ற காவலனான பாதுகாப்பு வால்வு இந்த ஒரு விபத்தில் எதற்கும் உதவாது.

தண்ணீர் குறைந்த கொதிகலன்தானே, வெடித்தாலும் சிறிதாகத்தானே வெடிக்கும் என்று கேட்கலாம். தகடு வெளியே தெரிய, தண்ணீர் சில அங்குலம் இறங்கினால் போதும். அதன் பிறகும் உள்ளே டன் கணக்கில் தண்ணீர் மிஞ்சியிருக்கும். 184 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரைத் தண்ணீராகவே பிடித்து வைத்திருப்பது அழுத்தம் மட்டுமே. தகடு கிழிந்து அழுத்தம் விழுந்த கணத்தில், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீராவியாக மாறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். உள்ளே 5 டன் தண்ணீர் இருந்தால், கண் இமைக்கும் நேரத்தில் பிறப்பது சுமார் 1,300 கன மீட்டர் நீராவி. கட்டடங்களின் கூரையைப் பெயர்ப்பது இதுதான்.

ஆகவே கொதிகலன் அறையில் மிக முக்கியமான கேள்வி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது. தொடக்க காலத்தில் இதை அறிய, கொதிகலனின் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு குழாய்களை வைத்தார்கள். திறந்து பார்த்து, தண்ணீர் வருகிறதா நீராவி வருகிறதா என்று கண்டுகொள்ள வேண்டும். பிறகு வந்தது கண்ணாடிக் குழாய். 1829-இல் ஜான் ராஸ்ட்ரிக் தன் ஸ்டவர்பிரிட்ஜ் பட்டறையில் செய்த ரயில் எஞ்சினில் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 'கேஜ் கிளாஸ்' என்று இன்றும் எல்லா ஆலைகளிலும் வழங்கும் பொருள் இதுவே. குழாயின் மேல்முனை கொதிகலனின் நீராவிப் பகுதியோடும் கீழ்முனை நீர்ப்பகுதியோடும் சேர்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, கண்ணாடியிலும் ஏறக்குறைய அந்த உயரத்தில் நிற்கும்.

இந்தக் கருவியின் எளிமை அழகானது. ஆனால் அது பொய் சொல்லும் விதத்தை அறிந்தவர்களே அதை நம்பத் தகுதியுள்ளவர்கள். கீழ்வழியில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். மேலிருந்து வரும் நீராவி கண்ணாடிக்குள் குளிர்ந்து நீராகிச் சேரும், இறங்கிப் போக வழியில்லை. கண்ணாடியில் மட்டம் ஏறும். சரி, மேல்வழி அடைத்துக்கொண்டால்? குழாயின் மேற்பகுதியில் சிக்கிய நீராவி குளிர்ந்து சுருங்க, கீழிருந்து தண்ணீர் மேலே தள்ளப்படும். அப்போதும் மட்டம் ஏறும். எந்தப் பக்கம் அடைத்தாலும், இருப்பதைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாகவே கண்ணாடி காட்டும். ஆறுதல் தரும் பக்கமாகவே தவறும் ஒரு கருவி இது. இதைவிட மோசமான குணம் ஓர் எச்சரிக்கைக் கருவிக்கு இருக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மட்டக்கோடு தெரியாது. இதற்கு ரயில்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்வுக் கோடுகள் போட்ட தகடு ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் நிறைந்த குழாய் வில்லைபோல ஒளியை வளைப்பதால், தண்ணீர் உள்ள பகுதியில் கோடுகள் எதிர்த்திசையில் சாய்ந்து தெரியும். தண்ணீர் இல்லாத பகுதியில் உள்ளபடியே தெரியும். மின்சாரம் இல்லை, அசையும் பாகம் இல்லை, தேய்ந்துபோக ஒன்றும் இல்லை. ஒளியியல் அறிந்த ஒருவரின் அரை மணி நேர யோசனை எத்தனை உயிர்களுக்குக் காவலாக நின்றிருக்கும்!

அடைத்துக்கொண்ட கண்ணாடி என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1995 ஜூன் 16 மாலை, பென்சில்வேனியாவின் கார்ட்னர்ஸ் என்ற ஊருக்கு அருகே, கெட்டிஸ்பர்க் ரயில்வேயின் 1278 எண் நீராவி எஞ்சின் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ரயிலை இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அடுப்பறையின் கூரைத்தகடு கீழ்நோக்கிக் கிழிந்தது. நீராவியும் நெருப்பும் எஞ்சின் அறைக்குள் பாய, அங்கிருந்த மூவருக்கும் கடுமையான தீக்காயம். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்த காரணம்: தண்ணீர் குறைவு. கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிவு அடைத்திருந்தது. கொதிகலனுக்குள் விடும் தண்ணீரை முறையாகப் பதப்படுத்தவில்லை. தகட்டைத் தாங்கும் ஆணிகளின் அமைப்பால் அது ஒரே வீச்சில் விழாமல் படிப்படியாக விட்டுக்கொடுத்தது. கொதிகலன் முழுவதும் சிதறாமல் போனதற்கு அதுவே காரணம் என்றும் வாரியம் சொன்னது. விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நாட்டில், 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஒரு சிறிய வழி அடைத்துக்கொண்டதால் நேர்ந்தது இது.

கண்ணாடியைப் பார்க்க ஆள் வேண்டும். டிரெவிதிக்கின் ஈயத்துக்கு ஆள் வேண்டாம். அது வளர்ந்து 'ஃபியூசிபிள் பிளக்' ஆனது: நடுவில் துளையுள்ள பித்தளைத் திருகு, துளைக்குள் உருக்கி ஊற்றிய உலோகம். அடுப்பறையின் கூரைத்தகட்டில், தகட்டைவிடச் சற்று மேலே தலை நீட்டும்படி இதை முறுக்கியிருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-இல். தண்ணீர் தலைக்குமேல் நிற்கும்வரை உலோகம் குளிர்ச்சியாக இருக்கும். இறங்கியதும் உருகி விழ, நீராவி சீறிக்கொண்டு அடுப்புக்குள் பாயும். பெரிய கொதிகலனின் தீயை அணைக்க அந்தச் சிறு துளை போதாது. ஆபத்து வந்துவிட்டது என்று அறிவிப்பதே அதன் வேலை.

கேட்கவே நம்பிக்கை தருகிறது அல்லவா? 1823-இல் பிரெஞ்சு அரசு, உயர் அழுத்தக் கொதிகலன்களில் உருகும் உலோகத் தகடு கட்டாயம் என்று ஆணையே போட்டது. ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மூன்றையும் தக்க அளவில் கலந்தால் வேண்டிய வெப்பநிலையில் உருகும் கலவையைச் செய்துகொள்ளலாம் என்பது கணக்கு. 1830களில் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம், அமெரிக்க அரசின் பண உதவியோடு, அலெக்சாண்டர் டல்லஸ் பேச் தலைமையில் கொதிகலன் வெடிப்புகளை ஆராய்ந்தது. காய்ந்த இரும்பில் பட்டுத் தண்ணீர் ஹைட்ரஜனாகப் பிரிந்து அதுவே வெடிக்கிறது என்று அன்று பரவலாக இருந்த நம்பிக்கையை அந்தக் குழு சோதனையால் தகர்த்தது. உருகும் கலவைகளையும் விட்டுவைக்கவில்லை. அழுத்தத்தின் கீழ் வெப்பம் ஏறும்போது, கலவையில் எளிதில் உருகும் பகுதி மட்டும் முன்னதாகக் கசிந்து வெளியேறுகிறது. எளிதில் உருகாத பகுதி துளையிலேயே தங்கிவிடுகிறது. பிறகு அது குறித்த வெப்பநிலையில் உருகாது. வெளியிலிருந்து பார்த்தால் புதியதுபோலவே இருக்கும்.

அப்படியானால் கலவை வேண்டாம், தூய வெள்ளீயம் போதும் என்றார்கள். அதிலும் ஒரு சங்கடம் காத்திருந்தது. உருகாமல் போன பிளக்குகளை அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகம் ஆராய்ந்து 1915-இல் அறிக்கை வெளியிட்டது. வெள்ளீயத்தில் துத்தநாகம் போன்ற கலப்பு சிறிதளவு இருந்தாலும், வெப்பத்தில் கிடந்து கிடந்து உள்ளே வலைபோல ஆக்சைடு பரவுகிறது. வெள்ளீய ஆக்சைடு உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுப்பறைத் தகடு அதற்கு வெகு முன்பே கிழிந்திருக்கும். இதோடு நீர்ப்பக்கம் படியும் உப்பையும் நெருப்புப்பக்கம் படியும் கரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், குறித்த காலத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுவதும் விதியானது இதனால்தான்.

பிளக் பேசுவது கடைசி நேரத்தில். அதற்கு முன்பே கூப்பிட ஒரு குரல் வேண்டும் என்று தேடியவர்கள் மிதவையைப் பிடித்தார்கள். வேல்ஸின் டௌலைஸ் இரும்பாலையில் வேலை பார்த்த ஏட்ரியன் ஸ்டீஃபன்ஸ் 1830களில் செய்த நீராவி ஊதல், கொதிகலன் ஆபத்தை அறிவிக்கப் பிறந்ததுதான். நம் ஊர்களில் ஷிப்ட் மாறுவதைச் சொன்ன ஆலைச் சங்குகளுக்கு அது முன்னோடி. மிதவை தண்ணீரோடு இறங்கும், ஒரு கம்பி வால்வைத் திறக்கும், ஊதல் அலறும். ஹடர்ஸ்ஃபீல்டின் ஹாப்கின்சன் நிறுவனம் இதே தத்துவத்தைப் பாதுகாப்பு வால்வோடு இணைத்தது. அழுத்தம் கூடினாலும் திறக்கும், தண்ணீர் குறைந்தாலும் திறக்கும் அந்த வால்வுகள் பஞ்சாலைகளின் லங்காஷயர் கொதிகலன்களின் முதுகில் வெகுகாலம் இருந்தன.

மிதவையின் பலவீனம் அதன் கம்பி. கொதிகலன் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும், நீராவி கசியவும் கூடாது. இறுக்கிக் கட்டினால் கம்பி அசையாது, தளர்த்தினால் கசியும். காந்தம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. மிதவையோடு ஒரு காந்தம் ஆடும். காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகச் சுவருக்கு அப்பால் இன்னொரு காந்தம் அதைத் தொடர்ந்து ஆடி மின் சுவிட்சைத் தட்டும். இந்தக் கருவியைத் தமிழ்நாட்டு ஆலைகளில் 'மோப்ரே' என்று அதன் நிறுவனப் பெயராலேயே அழைக்கிறார்கள். அதற்கும் ஒரு நோய் உண்டு: மிதவை அறையில் சேறும் துருவும் சேர்ந்தால் மிதவை அசையாமல் நின்றுவிடும். தண்ணீர் இறங்கிய பிறகும் 'நிறைய இருக்கிறது' என்ற நிலையிலேயே.

அடுத்து வந்தது மின்முனை. கொதிகலன் நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் உள்ளே தொங்கவிட்டால், தண்ணீர் தொடும்வரை சுற்றில் மின்சாரம் ஓடும். தண்ணீர் கம்பியின் நுனியைவிட்டு இறங்கியதும் சுற்று அறும். உடனே மணி அடிக்கும், எரிபொருள் நிற்கும்.

இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. டிரெவிதிக்கின் ஈயமும் ஸ்டீஃபன்ஸின் ஊதலும் ஆபத்து வந்தால் வாய் திறப்பவை. மின்முனை, ஆபத்து இல்லாதவரை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அது மௌனமானால் ஆபத்து. ஒயர் அறுந்தாலும், மின்சாரம் போனாலும், தண்ணீர் குறைந்தாலும் விளைவு ஒன்றே: எந்திரம் நிற்கும். நம் வீடுகள் சிலவற்றில் இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் ஒரு காசைப் போட்டுவைப்பார்கள். கொதிக்கும்வரை காசு கடகடவென்று ஆடும், தண்ணீர் வற்றினால் சத்தம் நின்றுவிடும். இதுவும் அதே தத்துவம். காசு போட மறந்த நாளிலும் சத்தம் வராது, உடனே சந்தேகம் வந்துவிடும். கெட்டுப்போனால் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் கருவியே நல்ல எச்சரிக்கைக் கருவி என்று பொறியாளர்கள் வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மின்முனைகூட முழுமையானதல்ல. கம்பியைப் பிடித்திருக்கும் பீங்கான் மீது ஈரமும் உப்பும் படிந்தால், தண்ணீர் இல்லாமலே மின்சாரம் ஓடும். அதனால்தான் ஒன்றையொன்று சாராத இரண்டு மின்முனைகளையும், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பையும் இன்று கேட்கிறார்கள்.

தண்ணீர் மட்டம் என்பதே சமதளத்தில்தான் எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலில், சரிவு மிகக் கூடிய இடத்தில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. அங்கே 4 மீட்டர் நீளமுள்ள கொதிகலனின் இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபடும். கண்ணாடியில் காண்பதைப் பாதையின் சாய்வோடு சேர்த்துப் படிக்க அந்த ஃபயர்மேன் கற்றிருக்க வேண்டும்.

இந்தியாவில் கொதிகலன் சட்டமும் ஒரு வெடிப்பிலிருந்தே பிறந்தது. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் ஆய்வுச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-இல், விரிவான விதிகள் 1950-இல். கொதிகலனில் நீர்மட்டத்தைக் காட்ட இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். நெல் அவிக்கும் அரிசி ஆலைகளிலும் சாயப் பட்டறைகளிலும் உள்ள கொதிகலன்கள் பெரும்பாலும் உமியிலும் விறகிலும் ஓடுகின்றன. இங்கே ஒரு தனிச்சிக்கல் உண்டு. எண்ணெயிலோ எரிவாயுவிலோ எரியும் கொதிகலனில், மின்முனை சொன்ன நொடியில் தீ அணைந்துவிடும். உமியும் விறகும் அப்படி அணையாது. காற்று விசிறியை நிறுத்தினாலும் தணலின் சூடு நெடுநேரம் தகட்டைத் தாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே எச்சரிக்கை இன்னும் முன்னதாக வர வேண்டும், தண்ணீர் ஏற்றும் மாற்றுப் பம்ப் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதோடு, நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பதப்படுத்தாமல் விட்டால் உப்பு முதலில் அடைக்கும் இடங்களில் ஒன்று கேஜ் கிளாஸின் அந்தச் சிறு வழி. எண்ணெய்க் கொதிகலனுக்கு எழுதிய பாதுகாப்புப் பழக்கத்தை விறகுக் கொதிகலனுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆலை வைத்திருப்பவர்களுக்கும் கொதிகலன் அருகே வேலை செய்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் கேஜ் கிளாஸின் மேல்வழியையும் கீழ்வழியையும் தனித்தனியாகத் திறந்து ஊதிப் பாருங்கள். வடிகாலை மூடியதும் தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் அடைப்பு தொடங்கிவிட்டது. மிதவை அறையின் சேற்றை வெளியேற்றும்போதே, மணி அடிக்கிறதா, தீ நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இதற்குச் சில நிமிடங்கள் போதும். உற்பத்தி தடைபடுகிறது என்று முதலாளி அவசரப்படுத்தினால், அந்தச் சில நிமிடங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல் போனால், அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அப்போது பம்பைப் போட்டுப் பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீரை ஏற்றாதீர்கள். எரிபொருளையும் காற்றையும் நிறுத்துங்கள், எல்லோரையும் அங்கிருந்து விலகச் சொல்லுங்கள், கொதிகலன் தானாக ஆறட்டும். தகுதியுள்ள ஆய்வாளர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை அதை மறுபடி மூட்டாதீர்கள்.